ஒரே பெயர், பல நாட்டு ஆட்கள்: வினாடி வினாவுக்குப் பட்டியல் போடுவது எப்படி?

கூடல்_வினா

மதுரைப் பள்ளிகளுக்கு இடையிலான போட்டிக்கு ஒரு சுற்று தயாராகிறது. தலைப்பு: "பெயர் ஒன்று, ஆள் வேறு". ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள். மொத்தம் 15 கேள்விகள். ஒவ்வொன்றிலும் ஒரே பெயருள்ள, வெவ்வேறு நாட்டு அல்லது மொழிக்காரர்கள் இருவராவது வரவேண்டும். அதில் ஐந்திலாவது மதுரை வட்டாரத்து ஆள் ஒருவர் இருக்கவேண்டும். கேள்வி தமிழில் வாசிக்கப்படும், திரையிலும் தமிழில்தான் வரும்.

இப்போது கையில் இருப்பவை: ஃபிரான்சிஸ் பேக்கன் (தத்துவ அறிஞர் 1561–1626, ஓவியர் 1909–1992), ஸ்டாலின், வின்ஸ்டன் சர்ச்சில், மைக்கேல் ஜாக்சன். மேற்கொண்டு எப்படிச் சேர்ப்பது, எதில் தகராறு வரும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஏடுதேடி

பெயர்களைச் சேர்ப்பதற்கு முன்னால் ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்றைக் கேளுங்கள்: அந்தப் பெயர் இருவருக்கும் எந்த வழியாக வந்தது? வழி நான்குதான். ஒரே வேரிலிருந்து கிளைத்தது. ஒருவர் நினைவாக இன்னொருவருக்கு வைத்தது. வேறு வேறு மொழியில் தனித்தனியே பிறந்து ஒலியில் மட்டும் ஒத்துப்போனது. மூல எழுத்தில் வேறாக இருந்து தமிழில் எழுதும்போது ஒன்றாகிவிட்டது. இதைக் குறிக்காமல் பட்டியல் போட்டால் "இவருக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?" என்று கேட்டு, தொடர்பே இல்லாத இடத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

போஸ் என்ற பெயரையே எடுங்கள். வங்காளத்தில் அது குடும்பப் பெயர். வசு என்பதன் வங்க ஒலிப்பை ஆங்கிலத்தில் எழுதிய வடிவம். அதனால் சுபாஷ் சந்திர போஸ், இயற்பியலாளர் சத்யேந்திரநாத் போஸ் (1894–1974), ஒலிபெருக்கி நிறுவனம் தொடங்கிய அமெரிக்கர் அமர் போஸ் (1929–2013), மேற்கு வங்க முதல்வராக இருந்த ஜோதி பாசு எல்லோரும் ஒரே பெயர்க்காரர்கள். பாசுவும் போஸும் ஒன்று என்பதே நல்ல கேள்வி.

மதுரைப் பக்கம் வந்தால் போஸ் ஆளின் சொந்தப் பெயர். ஃபார்வர்டு பிளாக் 1939இல் தொடங்கியது, பசும்பொன் முத்துராமலிங்கத் தேவர் அதில் சேர்ந்தது, அதே ஆண்டு நேதாஜி மதுரைக்கு வந்தது, இவற்றுக்குப் பிறகு இந்த வட்டாரத்தில் பிள்ளைகளுக்கு வைத்த பெயர் இது. திருப்பரங்குன்றம் சட்டமன்ற உறுப்பினராக இருந்து 2018இல் மறைந்த ஏ. கே. போஸ் உதாரணம். இது இரண்டாவது வழி.

மூன்றாவது வழிக்கு ஜெர்மனிக்குப் போகவேண்டும். கேயார்க் மத்தியாஸ் போஸ் (1710–1761), விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நிலைமின்சாரம் ஏற்றிய பெண்ணை முத்தமிடப் போகிறவருக்கு உதட்டில் பொறி தட்டுகிற "மின்முத்தம்" என்ற காட்சியை நடத்தியவர். வங்கத்துக்கும் அவருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஒரே பெயருக்குள் மூன்று வழியும் வந்துவிட்டன.

சிம்மக்கல்

ஏடுதேடி ஐயா சொன்னதோட ஒண்ணு. ஸ்டாலின் கேள்வியில "ரஷ்ய ஸ்டாலின் செத்த அன்னைக்கே பிறந்தவர்"னு போட்டுறாதீங்க. மு. க. ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. ரஷ்யக்காரர் செத்தது மார்ச் 5. பிறந்து நாலு நாள் கழிச்சுத்தான் அந்தச் சேதி. பாதிப் புத்தகத்துல இதைக் குழப்பித்தான் அச்சடிச்சிருப்பாங்க.

இன்னொண்ணு, ஸ்டாலின்கிறது ரஷ்யக்காரருக்கே வச்சுக்கிட்ட பேருதான். குடும்பப் பேரு ஜுகாஷ்விலி, ஊரு ஜார்ஜியா. தமிழ்நாட்டுல மட்டும்தான் இப்படிப் பேரு வைப்பாங்கன்னு நினைக்கிறதும் தப்பு. வெனிசுவேலா கால்பந்து ஆட்டக்காரர் ஸ்டாலின் ரிவாஸ் இருக்காரு. ஈக்வடார்ல 2017லேருந்து 2021 வரைக்கும் அதிபரா இருந்தவர் லெனின் மொரேனோ. நம்ம பக்கம் படத்தொகுப்பாளர் பி. லெனின். லெனின் ஜோடி ரெடி.

மைக்கேல் ஜாக்சன்ல ரெண்டாவது ஆளு பியர் பத்தி எழுதுன இங்கிலாந்துக்காரர் (1942–2007). பள்ளிக்கூடப் போட்டிக்கு வேணாம் தம்பி. தலைமையாசிரியர் முறைப்பாரு.

கூடல்_வினா

சரிண்ணே, ஜாக்சனை எடுத்தாச்சு. நான்காவது வழி, தமிழ் எழுத்தால் ஒன்றாகிறது என்றீர்களே ஐயா, அதைச் சேர்க்கலாமா கூடாதா?

அட்டவணை

சேர்க்கக் கூடாது என்பது என் கருத்து. தமிழில் ஷா என்று எழுதினால் அயர்லாந்து நாடகாசிரியர் பெர்னார்ட் ஷாவும் நடிகர் நசீருத்தீன் ஷாவும் ஒரே பெயர்க்காரர்கள் போலத் தெரிவார்கள். ரோமன் எழுத்தில் எழுதினால் இரண்டும் வேறு. முதலாவது பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்த குடும்பப் பெயர், இரண்டாவது பாரசீக மன்னர் பட்டம். பால் என்றாலும் இதே கதை: டோக்கியோ போர்க்குற்ற விசாரணையில் மாறுபட்ட தீர்ப்பு எழுதிய வங்க நீதிபதி ராதாபினோத் பால் (1886–1967) ஒரு பக்கம், ஐரோப்பியப் பால்கள் இன்னொரு பக்கம். இவர்களை "ஒரே பெயர்" என்றால், ஆங்கில வழியில் படிக்கிற பிள்ளை எழுந்து ஆட்சேபிக்கும். அந்தப் பிள்ளை சொல்வதுதான் சரியாக இருக்கும்.

ஏடுதேடி

விலக்கவேண்டாம், பிரித்து வைக்கலாம். இந்த வகையில்தான் மிக அருமையான ஒரு ஜோடி இருக்கிறது: கட்டடக் கலைஞர் லூயி கான் (1901–1974), கட்டுமானப் பொறியாளர் ஃபஸ்லூர் ரகுமான் கான் (1929–1982). முன்னவர் எஸ்தோனியாவில் பிறந்த யூதர். குடும்பம் அமெரிக்கா போனபின் எடுத்துக்கொண்ட பெயர் கான். பின்னவர் வங்காளி, அவருடைய கான், துருக்கிய மங்கோலியத் தலைவர் பட்டம். டாக்காவின் நாடாளுமன்றக் கட்டடத்தை வடிவமைத்தவர் முதல் கான். அந்த டாக்காவில் படித்துவிட்டு சிகாகோவுக்குப் போய் சியர்ஸ் கோபுரத்துக்குக் கட்டமைப்பு வகுத்தவர் இரண்டாவது கான். ஒரே துறை, ஒரே ஊர்த் தொடர்பு, ஒரே காலம். இதை எப்படி விடுவது? கேள்வியில் "தமிழில் எழுதினால் ஒரே பெயர்" என்ற நான்கு சொற்களைச் சேர்த்துவிட்டால் ஆட்சேபம் எழாது.

அட்டவணை

அந்த நான்கு சொற்கள் கேள்வியின் முதல் வரியிலேயே வந்தால் சம்மதம். 15இல் இப்படிப்பட்டது ஒன்றே ஒன்று. அதற்கு மேல் வேண்டாம்.

தெப்பக்குளம்_கிழக்கு

கான் என்று வந்தபிறகு மதுரைக்காரர் யூசுப் கானை விடலாமா? மருதநாயகம் என்று அறியப்படும் கான் சாகிப், 1764 அக்டோபர் 15 அன்று தூக்கிலிடப்பட்டார், சம்மட்டிபுரத்தில் அவர் பெயரில் தர்கா இருக்கிறது. நகருக்குள் கான்சாமேட்டுத் தெரு அவர் பெயரைத்தான் சுமக்கிறது. இன்னொரு யூசுப் கான், 1922இல் பெஷாவரில் பிறந்து 2021இல் மறைந்தவர், உலகம் அவரை திலீப் குமார் என்றுதான் அறியும்.

இதிலுள்ள சுவை என்னவென்றால், இருவருக்கும் யூசுப் கான் மட்டும் பெயரில்லை. ஒருவர் வேறொரு பெயரிலிருந்து யூசுப் கான் ஆனார் என்பது வழக்கு, மற்றவர் யூசுப் கானிலிருந்து வேறொரு பெயருக்குப் போனார். குறிப்பு இப்படிப் போகலாம்: "இந்தப் பெயரோடு பிறந்த ஒருவர் திரைக்காக அதை விட்டார். இதே பெயரால் அறியப்பட்ட இன்னொருவர் மதுரையை ஆண்டார்."

கருமாத்தூர்_வழி

யூசுப் என்றதும் முதல் வழியை நன்றாக விரிக்கலாம். யூசுப், ஜோசப், ஸ்பானியத்தில் ஹோசே, இத்தாலியனில் ஜுசெப்பே, ஜார்ஜியனில் இயோசெப், எல்லாம் ஒரே எபிரேயப் பெயர். ஆகவே ஸ்டாலினின் முதல் பெயரும் நம் கான் சாகிப்பின் முதல் பெயரும் ஒன்றே. பிலிப்பைன்ஸின் ஹோசே ரிசால் (1861–1896), இத்தாலியின் ஜுசெப்பே வெர்டி (1813–1901) இருவரும் அதே வரிசை.

மதுரை மிஷனுக்கு வந்த வீரமாமுனிவரின் முழுப்பெயர் கொன்ஸ்தன்சோ ஜுசெப்பே பெஸ்கி (1680–1747). அவர் தேம்பாவணியில் பாடிய சூசையப்பருக்கு வைத்த தமிழ்ப் பெயர் வளன். அந்த எபிரேயப் பெயருக்கு "பெருகட்டும்" என்று பொருள், அதைத்தான் வளன் ஆக்கினார். சூசை என்பதோ போர்த்துக்கீசிய வாயிலிருந்து வந்தது. ஆக வளன், சூசை, யூசுப், ஜோசப், ஜுசெப்பே ஐந்தும் ஒரு பெயர்.

அதேபோல ஜான். லிஸ்பனில் 1647இல் பிறந்து 1693இல் ஓரியூரில் கொல்லப்பட்ட ஜான் டி பிரிட்டோவுக்குத் தமிழில் அருளானந்தர் என்று பெயர்; கருமாத்தூர்க் கல்லூரிக்கு அவர் பெயர்தான். இவான், ஹுவான், ஜோவான்னி, யோகான், யாஹ்யா எல்லாம் ஜானுக்குச் சொந்தக்காரர்கள்.

ஓர் எச்சரிக்கை. பவுல் (ஆங்கிலத்தில் பால்) என்பதைப் பழைய தமிழ்க் கத்தோலிக்கர் சின்னப்பர் என்பார்கள், பேதுருவை இராயப்பர் என்பார்கள். அதை வைத்துக்கொண்டு சின்னப்பா என்ற பெயருள்ள எல்லோரையும் பால் கணக்கில் சேர்க்கக் கூடாது. புதுக்கோட்டை நடிகர் பி. யு. சின்னப்பா (1916–1951) பெயர் சாதாரணத் தமிழ்ப் பெயர். ஒன்று மொழிபெயர்ப்பு, ஒன்று வீட்டுப் பெயர், ஒலி மட்டும் ஒன்று.

சிம்மக்கல்

கலெக்டர் ரௌஸ் பீட்டரை நம்ம ஆளுங்க பீட்டர் பாண்டியன்னு சொன்னாங்களே, அந்தக் கணக்குப்படி இராயப்ப பாண்டியன்னு சொல்லியிருக்கணும். சரி, அது சும்மா. நான் கேட்க வந்தது வேற. சென், ராய் மாதிரி பேருக்கு எல்லாம் என்ன பண்றது? எந்த நாட்டுல பாத்தாலும் ஒரு சென் இருக்காரு.

அட்டவணை

அங்கேதான் "எந்த இடத்தில் நிற்கிற பெயர்" என்ற கட்டம் வேண்டும் அண்ணே. அமர்த்திய சென்னுக்கு அது குடும்பப் பெயர். ஜப்பானியத் தேநீர்ச் சடங்கின் பெரிய ஆசான் சென் நோ ரிக்யூவுக்கும் (1522–1591) குடும்பப் பெயர். ஜப்பானிய இடதுசாரித் தலைவர் கதயாமா சென்னுக்கு (1859–1933) அது சொந்தப் பெயர், கதயாமாதான் குடும்பம். கம்போடியாவின் ஹுன் சென்னுக்கும் அப்படியே, குடும்பப் பெயர் முன்னால் வரும். சீனாவின் சுன் யாட்-சென்னுக்குக் குடும்பப் பெயர் சுன். சென் என்பது யாட்-சென் என்ற பெயரின் பின்பாதி, தனிப் பெயரே இல்லை. "சென் என்ற குடும்பப் பெயருள்ளவர்கள்" என்று தலைப்பிட்டுவிட்டு இவர்களை அடுக்கினால் ஐந்தில் மூன்று தப்பு.

கிழக்காசியப் பெயரில் குடும்பம் முன்னே, ஐரோப்பாவில் பின்னே. ஹங்கேரி மட்டும் ஐரோப்பாவில் இருந்தும் குடும்பப் பெயரை முன்னே வைக்கும். நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, தலைப்பெழுத்துதான். இந்த மூன்றையும் கலந்தால் பட்டியல் கந்தலாகிவிடும்.

நூலக அட்டவணையில் செய்வதைச் சொல்கிறேன், உங்கள் தாளுக்கும் பொருந்தும். தமிழர் பெயர் சொந்தப் பெயரில் தொடங்கும், தலைப்பெழுத்து பின்னால்: "போஸ், ஏ. கே." வங்காளி குடும்பப் பெயரில் தொடங்கும்: "போஸ், சுபாஷ் சந்திர". பக்கத்தில் பிறப்பு இறப்பு ஆண்டு. அப்படியும் பிரியாவிட்டால் தொழில். தலைப்பெழுத்தை விரிக்காமல் விடவே கூடாது. எஸ். சந்திரசேகர் என்று மட்டும் எழுதிவைத்தால் என்ன ஆகும் என்று பாருங்கள்:

சுப்பிரமணியன் சந்திரசேகர் (1910–1995), விண்மீன் இயற்பியல், 1983இல் நோபல்.

சிவராமகிருஷ்ண சந்திரசேகர் (1930–2004), திரவப் படிக ஆய்வாளர்.

ஸ்ரீபதி சந்திரசேகர் (1918–2001), மக்கள்தொகை அறிஞர், 1967இல் மத்திய சுகாதார அமைச்சரானவர்.

முதல் இருவரும் இயற்பியலாளர்கள், அதோடு சர் சி. வி. ராமனின் உறவுக்காரர்கள், ஒருவர் அண்ணன் மகன், மற்றவர் சகோதரி மகன். "ராமனின் உறவினரான இயற்பியலாளர் எஸ். சந்திரசேகர் யார்?" என்று கேட்டால் இரண்டு விடையும் சரி. மூவரும் இந்திய வம்சாவளியினர் என்பதால் உங்கள் சுற்றுக்கு ஆகாது. குறிப்பு எழுதிப் பழக இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

இன்றைய ஆய்வாளர்களுக்கு இந்தத் தொல்லை தீரத்தான் ஆளுக்கு ஒன்றாகத் தரும் 16 இலக்க ஆர்கிட் (ORCID) எண் வந்தது. நூலாசிரியர், பாடகர் எல்லோருக்கும் பொதுவான எண் இஸ்னி (ISNI), அதுவும் 16 இலக்கம். தமிழ் விக்கிப்பீடியாவில் "பக்கவழி நெறிப்படுத்தல்" என்று ஒரு பெயருக்குரிய எல்லோரையும் ஒரு பக்கத்தில் போட்டிருப்பார்கள். ஜோடி தேடத் தொடங்கும் இடம் அது. அங்கேயே முடித்துவிடாமல், ஒவ்வொருவருக்கும் வேறொரு நூலிலிருந்து ஆண்டைச் சரிபாருங்கள்.

தெப்பக்குளம்_கிழக்கு

ஆர்கிட் எண் வருவதற்குப் பல நூற்றாண்டுக்கு முன்னாலேயே சங்கப் பாடல் தொகுத்தவர்கள் இதைச் செய்துவிட்டார்கள். மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார்: ஊர், தந்தையின் தொழில், பிறகு பெயர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார்: ஊர், தன் தொழில் (துணி வணிகர்), பெயர். மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்றால் இரண்டு ஊரும் ஒரு தொழிலும். அப்படியும் மருதன் இளநாகனாரும் மதுரை மருதன் இளநாகனாரும் ஒருவரா இருவரா என்று இன்றைக்கும் பேச்சு ஓடுகிறது. ஒக்கூர் மாசாத்தனார் ஆண், ஒக்கூர் மாசாத்தியார் பெண். அச்சில் இரண்டெழுத்து பிசகினால் ஆள் மாறிவிடும்.

தேனிச்சாலை

பென்னிகுயிக்கைச் சேர்க்கும் யோசனை இருந்தால் கவனம். முல்லைப் பெரியாறு அணை கட்டிய ஜான் பென்னிகுயிக் (1841–1911) ஒருவர். அவர் அப்பா பெயரும் ஜான் பென்னிகுயிக்தான், படைத்தளபதி, 1849 ஜனவரி 13 அன்று சில்லியன்வாலா போரில் இறந்தார். இணையத்தில் தேடினால் இரண்டு பேர் வாழ்க்கையும் பின்னிக்கிடக்கும். "ராணுவத்தில் இருந்த பென்னிகுயிக்" என்ற குறிப்பு இருவருக்கும் பொருந்தும், ஏனென்றால் மகனும் ராணுவப் பொறியாளர். "1895இல் அணை திறக்கப்பட்டது" என்ற குறிப்பு மகனுக்கு மட்டும். கம்பம் பள்ளத்தாக்கில் பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் வைப்பதால் ஏடுதேடி ஐயா சொன்ன இரண்டாவது வழிக்கும் இது ஆகும்.

கூடல்_வினா

சர்ச்சிலை எப்படிக் கேட்பது? அமெரிக்க நாவலாசிரியரைப் பிள்ளைகளுக்குத் தெரியாதே.

ஏடுதேடி

தெரியவேண்டியதில்லை. விடை ஒரே சொல் என்பதால், ஒருவரைத் தெரிந்தால் போதும். தெரியாதவரின் குறிப்பு முதலில், தெரிந்தவரின் குறிப்பு கடைசியில். இப்படி:

"1871இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் பிறந்த நாவலாசிரியர். 1899இல் இவருக்குக் கடிதம் எழுதிய இதே பெயருடைய ஆங்கிலேய இளைஞர், குழப்பம் வராதிருக்க இனித் தன் நூல்களில் 'ஸ்பென்சர்' என்பதையும் நடுவில் சேர்ப்பதாக ஒப்புக்கொண்டார். அந்த ஆங்கிலேயர் பின்னாளில் பிரதமரானார். என்ன பெயர்?"

அப்போது புகழ் பெற்றிருந்தவர் அமெரிக்கர், விட்டுக்கொடுத்தவர் பிரிட்டிஷ்காரர். இது நடிகர்களிடமும் உண்டு. அமெரிக்காவில் அவர்கள் சங்கத்தில் ஏற்கெனவே ஒருவர் பதிந்த பெயரை இன்னொருவர் வைத்துக்கொள்ள முடியாது. மைக்கேல் கீட்டனின் பிறவிப் பெயர் மைக்கேல் டக்ளஸ், அதனால்தான் மாற்றவேண்டியிருந்தது.

கருமாத்தூர்_வழி

மீராவை யாரும் சொல்லவில்லையே. நான்கில் மூன்று வழி அதில் இருக்கிறது, உள்ளூர் ஆளும் இருக்கிறார்.

ராஜஸ்தானின் மீராபாய், 16ஆம் நூற்றாண்டு. அவர் நினைவாக காந்தியடிகள் மீராபென் என்று பெயரிட்ட ஆங்கிலப் பெண் மேடலின் ஸ்லேட் (1892–1982). புதுச்சேரி அன்னை, பாரிஸில் பிறந்த மிர்ரா அல்ஃபாசா (1878–1973), அவர் பெயருக்கும் மீராபாய்க்கும் தொடர்பில்லை. தமிழில் மீரா என்று எழுதுவோரும் உண்டு. சிவகங்கைக் கவிஞர் மீரா (1938–2002), அன்னம் பதிப்பகம் நடத்தியவர், ஆண். மீ. ராசேந்திரன் என்பதன் தலைப்பெழுத்தும் பெயரின் முதலெழுத்தும் சேர்ந்து மீரா. வானத்திலும் ஒருத்தி உண்டு: திமிங்கில மண்டலத்தில் ஒளி கூடிக் குறையும் மிரா விண்மீன், லத்தீனில் "வியப்புக்குரியது".

மாயாவும் இப்படித்தான். அமெரிக்கக் கவிஞர் மாயா ஆஞ்சலூ (1928–2014) பிறந்தபோது மார்கரீட். அண்ணன் மழலையில் கூப்பிட்டது மாயா. ரஷ்ய பாலே நடனக் கலைஞர் மாயா பிளிசெட்ஸ்கயா (1925–2015) இன்னொருவர். இருவருக்கும் வடமொழி மாயைக்கும் சம்பந்தமில்லை. "மாயை என்ற பொருள் கொண்ட பெயர்" என்று குறிப்பில் எழுதினால் கேள்வியே கெட்டது.

சிம்மக்கல்

பாரதியையும் போடுங்க. 1904ல சேதுபதி பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியாரா இருந்தவர் நம்ம சுப்பிரமணிய பாரதி. இந்தியில தரம்வீர் பாரதி (1926–1997). நம்மாளுக்குப் பட்டம், அவருக்குப் பேரோட வாலு. மதுரையில இருந்த நாவலர் சோமசுந்தர பாரதி வேற. அதனால "மதுரையில் தமிழ் கற்பித்த பாரதி"ன்னு மட்டும் எழுதாதீங்க, சேதுபதி பள்ளி, 1904 ரெண்டும் சேர்ந்து வரணும்.

அட்டவணை

கூடல்_வினா, தாளில் கட்டங்கள் ஏழு போடுங்கள்: தமிழில் பெயர், மூல எழுத்தில் பெயர், பெயரின் வகை (சொந்தப் பெயரா, குடும்பமா, பட்டமா, புனைபெயரா), பிறவிப் பெயர், ஆண்டுகள், நால்வகையில் எந்த வழி, சரிபார்த்த இரண்டு இடங்கள். 15 கேள்விக்கு 22 ஜோடி எடுத்தால் சரிபார்ப்பில் ஏழு கழியும்.

குறிப்பு மூன்று எழுதியதும் ஒரு சோதனை. முதல் ஆளின் குறிப்பை எடுத்து இரண்டாம் ஆளுக்கு வைத்துப் பாருங்கள். பொருந்தினால் அந்தக் குறிப்பு செல்லாது. "போராட்டத்தில் ஈடுபட்டவர்", "புகழ்பெற்ற எழுத்தாளர்" போன்றவை எல்லாம் இதில் விழுந்துவிடும். ஆண்டு, ஊர், செய்த வேலை, இந்த மூன்றில் இரண்டு சேர்ந்து வந்தால் நிற்கும்.

கூடல்_வினா

நன்றி மேடம். விடையில் தகராறு வந்தால்? மீரா கேள்விக்கு ஒரு பிள்ளை "மீராபென்" என்று சொன்னால் மதிப்பெண் உண்டா?

அட்டவணை

ஏற்கும் வடிவங்களைக் கேள்விக்குக் கீழேயே எழுதி, நடுவர் கையில் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். மீரா கேள்விக்கு மீரா, மிரா, மிர்ரா மூன்றும் ஏற்கலாம். மீராபென், மீராபாய் என்றால் "பெயர் மட்டும் சொல்" என்று நடுவர் ஒருமுறை கேட்கலாம், ஐந்து விநாடி. யூசுப் கானுக்கு யூசுப் மட்டும் சொன்னால் பாதிகூடக் கிடையாது, ஜோசப் என்றால் அறவே கிடையாது. கேள்வி கேட்டது வேரை அல்ல, பெயரை. போஸ் கேள்வியில் மட்டும் பாசு என்றாலும் முழு மதிப்பெண்.

சிம்மக்கல்

கான் கேள்வியைத் திரையில போடும்போது ரெண்டு பேர் படத்தையும் சேர்த்துப் போடாதீங்க தம்பி. லூயி கான் படத்தைத் தேடுனா அவர் கட்டடந்தான் முதல்ல வரும், டாக்கா நாடாளுமன்றத்தைப் பாத்ததும் விடை சொல்லிருவாங்க. விடை வந்தப்புறம் படம் காட்டலாம்.